கல்லறைக்குப் பின்னும் குற்றவாளிக் கூண்டில்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

ஆண்டு மலர் என்றால் அதில் ஒரு வாழ்க்கை வரலாறு இடம்பெறுவது மரபு. அறிவியல் அறிஞர், விடுதலை வீரர், புலவர் எனப் புகழ் பெற்ற ஒருவரைப் பற்றி எழுதி, அவர் வழியில் நாமும் நடப்போம் என்று முடிப்பது வழக்கம். இக்கட்டுரையின் நாயகர் அந்த வரிசையில் வரமாட்டார். அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. எந்த நாட்டையும் ஆளவில்லை. ஒரு நூலும் எழுதவில்லை. முப்பத்தொரு வயது வரை வாழ்ந்து, தேம்ஸ் ஆற்றில் மாண்டு, சொந்த ஊரில் அடக்கமானவர். எனினும் அவர் மறைந்து நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் உலகின் பல மொழிகளில் அவர் பெயர் பேசப்படுகிறது. அவர் செய்த செயலுக்காக அன்று. செய்திருக்கக் கூடும் என்று ஒருவர் எழுதி வைத்த சில வரிகளுக்காக!

அவர் பெயர் மாண்டேகு ஜான் ட்ரூயிட். இங்கிலாந்து நாட்டுப் பாரிஸ்டர், பள்ளி ஆசிரியர், கிரிக்கெட் வீரர். ஜாக் தி ரிப்பர் என்று உலகம் பெயரிட்டழைக்கும் கொலைகாரன் இவர்தானோ என்னும் ஐயம் இன்றுவரை இவர் மீது இருந்து வருகிறது. அந்த ஐயம் எங்கே பிறந்தது? எப்படி வளர்ந்தது? ஆராய்ந்தால் எவ்வளவு நிற்கிறது? இவற்றை அவருடைய வாழ்க்கையின் வழியாகவே காண்போம்.

இலையுதிர் காலத்து இருள்

1888ஆம் ஆண்டு. விக்டோரியா மகாராணியின் ஆட்சி. உலகின் மிகப் பெரிய நகரமாக இலண்டன் விளங்கிய காலம். அந்நகரின் கிழக்குப் பகுதியான ஒயிட்சேப்பலில் வறுமை தலைவிரித்தாடியது. ஓர் இரவு படுக்க இடம் வேண்டுமென்றால் விடுதியில் நான்கு பென்னி கொடுக்க வேண்டும். அதற்கும் வழியின்றித் தெருவில் அலைந்த பெண்கள் பலர்.

அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் மேரி ஆன் நிக்கல்ஸ் என்பவர் தெருவோரத்தில் கொலையுண்டு கிடந்தார். செப்டம்பர் 8இல் ஆனி சாப்மன். செப்டம்பர் 30இல் ஒரே இரவில் எலிசபெத் ஸ்டிரைட், கேதரின் எட்டோவ்ஸ் என இருவர். நவம்பர் 9இல் தம் வாடகை அறைக்குள்ளேயே மேரி ஜேன் கெல்லி. ஐவரும் ஏழைகள். கொன்றவன் கத்தியைக் கையாண்ட கொடுமை கண்டு நாடே நடுங்கியது. காவல் துறை நூற்றுக்கணக்கானோரை விசாரித்தது. எவர் மீதும் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. கொலைகாரன் யார் என்பது இன்றளவும் விடை காணாத வினா.

விடை கிடைக்காத வினா வெற்றிடம் போன்றது. வெற்றிடத்தை நோக்கிக் காற்று பாய்வதுபோல அதனை நோக்கி ஊகங்கள் பாய்ந்து வரும். அப்படிப் பாய்ந்த ஊகங்களில் ஒன்றுதான் ட்ரூயிட்டைப் பற்றிக்கொண்டது.

மருத்துவர் வீட்டுப் பிள்ளை

இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்செட் என்னும் மாவட்டம். அங்கே பழைமையான தேவாலயத்தைச் சுற்றி அமைந்த சிற்றூர் விம்போர்ன். அவ்வூரில் 1857 ஆகஸ்டு 15ஆம் நாள் மாண்டேகு பிறந்தார். தந்தை வில்லியம் ட்ரூயிட், ஊரறிந்த அறுவை மருத்துவர். தாய் ஆன். ஏழு பிள்ளைகளில் மாண்டேகு இரண்டாவது மகன்.

அது மருத்துவத்தில் பேர் பெற்ற குடும்பம். பெரியப்பா இராபர்ட் ட்ரூயிட் 1839இல் வெளியிட்ட அறுவை மருத்துவக் கைநூல் பதினொரு பதிப்புகள் கண்டு, மாணவர் தலைமுறைகள் பலவற்றுக்குப் பாடநூலாயிற்று. அந்த இராபர்ட் 1870களில் உடல்நலம் குன்றியபோது நம் சென்னைக்கு வந்து சில காலம் தங்கினார். இங்கிருந்து ஓர் இலண்டன் மருத்துவ இதழுக்குக் கடிதங்களும் எழுதினார் என்பது நமக்குச் சுவையான செய்தியன்றோ!

மாண்டேகு மருத்துவம் பயிலவில்லை. இதனை நண்பர்கள் நினைவில் கொள்ள வேண்டும். பின்னர் இது மிகவும் தேவைப்படும். பதின்மூன்றாம் வயதில் உதவித் தொகை பெற்றுப் புகழ்மிக்க வின்செஸ்டர் பள்ளியில் சேர்ந்தார். அங்கே பேச்சு மன்றத்தில் அவர் குரல் ஓங்கி ஒலித்தது. பிரெஞ்சுக் குடியரசை ஆதரித்துப் பேசினார்; பிரதமர் டிஸ்ரேலி பதவி விலக வேண்டுமென்றும் பேசினார். முதலாம் சார்லஸ் மன்னருக்கு மரண தண்டனை நிறைவேற்றியது இங்கிலாந்தின் நற்பெயருக்கு நீங்காத களங்கம் என்று ஒரு விவாதத்தில் கண்டித்தார். பள்ளி நாடகத்தில் ஷேக்ஸ்பியரின் நகைச்சுவைப் பாத்திரம் ஒன்றை ஏற்று நடித்து, அது சரியாக அமையவில்லை என்ற விமர்சனமும் பெற்றார். நம் கல்லூரித் தமிழ் மன்றத்தில் மேடையேறிப் பழகும் மாணவர்களுக்கும் அவருக்கும் அப்படியொன்றும் பெரிய வேறுபாடில்லை!

விளையாட்டிலோ அவர் முன்னணியில் நின்றார். கையால் பந்தைச் சுவரில் அடித்து ஆடும் ஃபைவ்ஸ் ஆட்டத்தில் பரிசுகள் வென்றார். பள்ளிக் கிரிக்கெட் அணியில் பந்து வீச்சாளர். கிரிக்கெட் பந்தை 92 கஜம் எறிந்து போட்டியில் வென்றார். 1876இல் மீண்டும் உதவித் தொகையுடன் ஆக்ஸ்போர்டு நியூ கல்லூரியில் நுழைந்தார். உடன் பயின்றோர் அவரைத் தம் மாணவர் கூடத்தின் நிருவாகியாகத் தேர்ந்தெடுத்தனர் என்றால் அவர் பழகுதற்கு இனியவராகவே இருந்திருக்க வேண்டும். 1880இல் செம்மொழி இலக்கியத்தில் மூன்றாம் வகுப்பில் பட்டம் பெற்றார்.

வழக்கு மன்றமும் வகுப்பறையும்

பட்டம் பெற்றதும் வருவாய்க்கு வழி தேட வேண்டியிருந்தது. இலண்டனின் தென்கிழக்கே உள்ள பிளாக்ஹீத்தில் ஜார்ஜ் வாலன்டைன் என்பவர் நடத்திய விடுதிப் பள்ளியில் உதவி ஆசிரியரானார். அங்கேயே தங்கிச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே சட்டமும் படித்தார். 1882இல் இன்னர் டெம்பிள் சட்டக் கழகத்தில் சேர்ந்து, 1885 ஏப்ரலில் பாரிஸ்டரானார். படிப்புச் செலவுக்குத் தந்தையின் சொத்தில் தமக்கு வர வேண்டிய 500 பவுனை முன்கூட்டியே பெற்றுக்கொண்டார். அவ்வாண்டு செப்டம்பரிலேயே தந்தை மாரடைப்பால் மறைந்தார்.

அக்காலத்தில் பாரிஸ்டர்கள் பலர், வழக்குகளோ சில. ஆகவே பகலில் வழக்கு மன்றம், மற்ற நேரத்தில் பள்ளி என இரு தோணிகளில் கால் வைத்து அவர் வாழ்ந்தார். அவர் வறுமையில் வாடித் தோல்வியுற்ற வழக்கறிஞர் என்று பலர் எழுதினர். ஆனால் இறந்தபோது அவர் விட்டுச் சென்ற சொத்தின் மதிப்பு ஏறத்தாழ 2,600 பவுன்.

ஓய்வு நேரமெல்லாம் கிரிக்கெட்டுக்கே. 1884இல் இலண்டனின் புகழ்மிக்க எம்.சி.சி. கழகத்தின் உறுப்பினரானார். பிளாக்ஹீத் கிரிக்கெட் கழகத்தில் பொருளாளராகவும் செயலாளராகவும் பொறுப்பேற்றார். கோடை விடுமுறையில் டார்செட்டுக்குச் சென்று உள்ளூர் அணிகளுக்காக ஆடினார்.

இங்கேதான் இந்தியர் கண் முன்னும் அவர் வந்து நிற்கிறார். 1888ஆம் ஆண்டுக் கோடையில் பம்பாய்ப் பார்சிகளின் கிரிக்கெட் அணி இங்கிலாந்தில் சுற்றுப் பயணம் செய்தது. 1886இல் சென்ற முதல் அணிக்குப் பின் இது இரண்டாவது. ஆகஸ்டுத் தொடக்கத்தில் பூர்ன்மத் நகரில் அவ்வணியை எதிர்த்து ஆடியோரில் ட்ரூயிட்டும் ஒருவர். முதல் ஆட்டத் தொகுதியில் ஐந்து பார்சி வீரர்களை அவர் பந்து வீசி வெளியேற்றினார். ஆயினும் வெற்றி பெற்றது நம்மவர் அணியே! முதல் கொலை நடந்தது இதற்கு நான்கு வாரங்களுக்குப் பிறகு.

நாள்காட்டி சொல்லும் சாட்சி

ஐயம் எழுப்புவோர்க்கும் மறுப்போர்க்கும் பொதுவான சான்று நாள்காட்டிதான். டார்செட்டிலும் பிளாக்ஹீத்திலும் அக்காலச் செய்தித்தாள்கள் உள்ளூர்ப் போட்டிகளின் ஆட்டக் கணக்கை அச்சிட்டு வந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடித் தொகுத்தவர்கள் சில அரிய செய்திகளைக் கண்டனர்.

ஆகஸ்டு 31 வெள்ளிக்கிழமை விடியற்காலையில் இலண்டனில் நிக்கல்ஸ் கொலையுண்டார். மறுநாள் சனிக்கிழமை டார்செட்டில் உள்ள கேன்ஃபோர்டில், விம்போர்ன் அணியை எதிர்த்து ட்ரூயிட் ஆடிக்கொண்டிருந்தார். இரண்டு இடங்களுக்கும் நூறு மைல் தொலைவு. இரயில் உண்டு, ஆகவே முடியாத செயலன்று. ஆனால் கோடை விடுமுறையில் சொந்த ஊர்ப் பக்கம் இருந்தவர், கொலை செய்வதற்கென்றே இலண்டன் சென்று, உடனே திரும்பி வந்து மட்டை பிடித்தார் என்று கொள்ள வேண்டும்.

செப்டம்பர் 8இல் விடியற்காலை ஆனி சாப்மன் மாண்டார். அதே நாள் காலை பதினொன்றரை மணிக்குப் பிளாக்ஹீத் மைதானத்தில் கிறிஸ்டோபர்சன் சகோதரர்கள் அணியை எதிர்த்து ட்ரூயிட் களமிறங்கினார். பிளாக்ஹீத்துக்கும் ஒயிட்சேப்பலுக்கும் இடைப்பட்ட தொலைவு சில மைல்களே. இதுவும் முடியாத செயலன்று. ஆனால் முடியாததன்று என்பது வேறு. நடந்தது என்பது வேறு.

நவம்பர் 9இல் ஐந்தாவது கொலை. அது நடந்து பத்து நாட்களுக்குப் பின், நவம்பர் 19இல், பிளாக்ஹீத் கழகத்தின் நிருவாகக் கூட்டம். ட்ரூயிட் அதில் கலந்துகொண்டார். மைதானத்துக்குக் கூடுதலாக ஓர் ஏக்கர் நிலம் வாடகைக்கு எடுக்க வேண்டுமென்று முன்மொழிந்தார். கழகத்தின் நடவடிக்கைக் குறிப்பில் இது பதிவாகியுள்ளது. இந்நாளையும் நண்பர்கள் நினைவில் கொள்க.

ஆறு தந்த முடிவு

அவ்வாண்டு ட்ரூயிட் குடும்பத்துக்கு இருண்ட ஆண்டு. கணவரை இழந்தபின் தாய் ஆன் மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தார். 1888 ஜூலையில் நோய் முற்றியதால் இலண்டனில் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தாயின் தாயும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர். இந்நோய் தமக்கும் வந்துவிடுமோ என்ற அச்சம் மகனின் மனத்தில் நாளும் வளர்ந்திருக்கிறது.

நவம்பர் 30 வெள்ளிக்கிழமை பிளாக்ஹீத் பள்ளியிலிருந்து அவர் நீக்கப்பட்டார். ஏதோ கடுமையான சிக்கல் என்று மட்டுமே பின்னர் சொல்லப்பட்டது. அது இன்னதென்று எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை. அதன்பின் அவரைக் காணவில்லை. அவர் வெளிநாடு போய்விட்டார் என எண்ணிய கிரிக்கெட் கழகம் டிசம்பர் 21இல் அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. தம்பியைத் தேடி வந்த அண்ணன் வில்லியம், பூர்ன்மத்தில் வழக்கறிஞர், அறையில் தமக்கென எழுதி வைத்திருந்த ஒரு கடிதத்தைக் கண்டார். வெள்ளிக்கிழமை முதல் தாயைப் போலத் தாமும் ஆகிவிடுவோம் என்று தோன்றுவதாகவும், இறப்பதே நலம் என்றும் அதில் இருந்தது.

டிசம்பர் 31இல் சிசிக் பகுதியில் தேம்ஸ் ஆற்றில் ஒரு படகோட்டி அவர் உடலைக் கண்டெடுத்தார். ஏறத்தாழ ஒரு மாதம் நீரில் கிடந்த உடல். சட்டைப் பைகளில் கற்கள், டிசம்பர் 1 தேதியிட்ட இரயில் பயணச் சீட்டின் மறுபாதி, வெள்ளிக் கடிகாரம், 50 பவுனுக்கு ஒரு காசோலை. 1889 ஜனவரி 2இல் மரண விசாரணை நடந்தது. சித்தம் கலங்கிய நிலையில் தற்கொலை என்று முடிவு எழுதப்பட்டது. மறுநாள் விம்போர்ன் இடுகாட்டில் அடக்கம் செய்தனர். இரண்டு ஆண்டுகளில் தாயும் மனநோய் மருத்துவமனையிலேயே கண்மூடினார்.

நோயுற்ற மனத்துக்கு மருத்துவம் தேட வேண்டும் என்று நாம் அறிந்திருக்கும் இக்காலத்தில் அவர் பிறந்திருந்தால் ஒருவேளை வாழ்ந்திருப்பார். அந்த நூற்றாண்டில் அது வெளியே சொல்லக் கூசிய நோய். இன்றும் நம் ஊர்களில் அதை மறைத்து வைப்போர் உண்டு. மறைப்பதால் நோய் தீர்வதில்லை; தனிமைதான் கூடுகிறது.

மரண விசாரணை நடந்த அந்த நாளில் கொலைகளைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒரு துயரக் கதை அத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

உள்ளூர் வம்பும் ஓர் அதிகாரியின் குறிப்பும்

1891ஆம் ஆண்டு. டார்செட்டின் மேற்குத் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினர் ஹென்றி ஃபார்க்கர்சன். அவர் மாளிகை விம்போர்னிலிருந்து சுமார் பத்து மைல் தொலைவில் இருந்தது. ரிப்பர் யாரென்று தமக்குத் தெரியும், அவன் ஓர் அறுவை மருத்துவரின் மகன், கடைசிக் கொலை நடந்த இரவிலேயே தற்கொலை செய்துகொண்டான் என்று அவர் இலண்டனில் பலரிடம் சொல்லி வந்தார். அச்செய்தி பெயரில்லாமல் பத்திரிகையிலும் வந்தது. தற்கொலை நடந்ததோ கடைசிக் கொலைக்கு மூன்று வாரங்களுக்குப் பின். இந்த ஃபார்க்கர்சன் எத்தகையவர்? தேர்தலில் தம்மை எதிர்த்து நின்றவர் பள்ளி நாட்களில் ஒழுக்கக் கேட்டுக்காக வெளியேற்றப்பட்டவர் என்று பொய்க் கதை பரப்பி, அவதூறு வழக்கில் தோற்று, பெருந்தொகை இழப்பீடு தர நேர்ந்தவர்!

அடுத்து வருபவர் மெல்வில் மெக்நாட்டன். இலண்டன் காவல் துறையின் உயர் அதிகாரி. அவருக்கும் இந்தியத் தொடர்பு உண்டு. வங்காளத்தில் தம் தந்தையின் பண்ணைகளை நிருவகித்து வந்தவர் அவர். 1881இல் அங்கே கொதித்தெழுந்த குடியானவர்கள் அவரைத் தாக்கினர். அதன் வழியாக அப்போது வங்கத்தில் காவல் துறைத் தலைவராயிருந்த ஜேம்ஸ் மன்றோவின் நட்பு கிடைத்தது. பின்னர் இலண்டனில் பணியாற்றிய மன்றோ, 1888இல் மெக்நாட்டனுக்குப் பதவி தர முயன்றார். இந்தியக் குடியானவர்களிடம் அடி வாங்கியவருக்கு இப்பதவியா எனக் காவல் ஆணையர் வாரன் மறுத்துவிட்டார். வாரன் பதவி விலகிய பின்னரே, 1889 ஜூனில், மெக்நாட்டன் பணியில் சேர்ந்தார். ஆகவே ஐந்து கொலைகளும் நடந்தபோது அவர் காவல் துறையிலேயே இல்லை. வங்கக் குடியானவரின் கைத்தடி இலண்டன் வரலாற்றிலும் தன் தடத்தைப் பதித்தது எனலாம்.

1894 பிப்ரவரி 23இல் மெக்நாட்டன் ஓர் அலுவலகக் குறிப்பு எழுதினார. தாமஸ் கட்புஷ் என்னும் இளைஞர்தான் ரிப்பர் என்று ஒரு நாளேடு எழுதியதை மறுப்பதற்காக எழுந்தது அக்குறிப்பு. கட்புஷ்ஷை விடப் பொருத்தமானவர் என மூவர் பெயரை அதில் குறித்தார். முதற் பெயர் ட்ரூயிட். மற்ற இருவர் கோஸ்மின்ஸ்கி என்னும் போலந்து நாட்டு யூதரும், மைக்கேல் ஆஸ்ட்ரோக் என்னும் மோசடிக்காரரும்.

ட்ரூயிட்டைப் பற்றி அவர் எழுதியவை யாவை? அவர் மருத்துவர், தம் குறிப்பின் ஒரு படியில் வயது ஏறத்தாழ 41, ஐந்தாவது கொலை நடந்த வேளையில் காணாமற்போனவர், அவர் குடும்பத்தாரே அவரை ஐயுற்றனர் என்று தனிப்பட்ட முறையில் தமக்குத் தகவல் கிடைத்தது.

நினைவில் கொள்ளச் சொன்ன செய்திகளை இப்போது எடுத்துப் பொருத்திப் பார்ப்போம். அவர் மருத்துவரல்லர், பாரிஸ்டர். வயது 41 அன்று, 31. ஐந்தாவது கொலைக்குப் பின் பத்தாம் நாளில் கூட்டத்தில் அமர்ந்து ஏக்கர் கணக்குப் பேசிக்கொண்டிருந்தவர் அவர். தொழில், வயது, மறைந்த காலம் ஆகிய மூன்றிலும் குறிப்பு தவறு. எஞ்சியது தனிப்பட்ட தகவல் ஒன்றே. அதனைத் தந்தவர் யாரென அதில் இல்லை. குறிப்பில் மூன்றாவதாக இடம்பெற்ற ஆஸ்ட்ரோக், கொலைகள் நடந்த நாட்களில் பிரான்சு நாட்டுச் சிறையில் இருந்தார் என்பதைப் பிற்காலத்தில் கிடைத்த ஆவணங்கள் காட்டின. அக்குறிப்பின் தரம் எத்தகையது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஒயிட்சேப்பல் தெருக்களில் நேரில் நின்று விசாரணை நடத்திய ஆய்வாளர் அபர்லைன், 1903இல் ஒரு பத்திரிகைக்கு அளித்த பேட்டியில் இக்கதையை ஏற்கவில்லை. அந்த நேரத்தில் உடல் கிடைத்தது என்பதைத் தவிர ட்ரூயிட்டைக் கொலைகளுடன் இணைக்க எதுவுமில்லை என்பது அவர் கருத்து.

ஊர் ஊராய்த் தேடியவர்கள்

மெக்நாட்டன் குறிப்பு கோப்பில் உறங்கிக் கிடந்தது. 1959இல் டேனியல் ஃபார்சன் என்னும் தொலைக்காட்சிச் செய்தியாளர் மெக்நாட்டனின் மகளிடமிருந்து அக்குறிப்பின் ஒரு படியைக் கண்டார். நிகழ்ச்சியில் பெயரின் முதலெழுத்துகள் மட்டுமே வெளிவந்தன. 1965இல் டாம் கல்லன் தம் நூலில் முழுப் பெயரையும் அச்சேற்றினார். 1972இல் ஃபார்சனும் நூல் எழுதினார். எழுபத்தேழு ஆண்டுகள் அமைதியாய் உறங்கியவர் மீண்டும் கூண்டில் ஏற்றப்பட்டார்.

அதன்பின் தேடல் பெருகிற்று. இறந்தவரின் உறவினர் எங்கெங்கே வாழ்ந்தனர், அவர் எந்தத் தெருவில் நடந்தார் என்று ஊர் ஊராய் ஆராய்ந்தனர். உறவினரான லயனல் ட்ரூயிட் என்னும் மருத்துவர் 1879இல் ஒயிட்சேப்பலை அடுத்த மைனரிஸ் தெருவில் இருந்தார் என்று கண்டதும் பெரிய துப்புக் கிடைத்துவிட்டதாக மகிழ்ந்தனர். கொலைகளுக்கு முன்பே அவர் ஆஸ்திரேலியா சென்றுவிட்டார். ரிப்பரைத் தமக்குத் தெரியும் என்று அவர் அங்கே ஒரு சிறு நூல் அச்சிட்டதாகவும் கதை பரவியது. எத்தனையோ பேர் தேடியும் அப்படி ஒரு நூல் அகப்படவேயில்லை.

ஆனால் அதே தேடல் நன்மையும் செய்தது. 1973இல் கிரிக்கெட் வரலாற்றாசிரியர் இர்விங் ரோசன்வாட்டர் ட்ரூயிட்டின் ஆட்டங்களைத் தொகுத்து எழுதினார். பள்ளிப் பதிவேடு, சட்டக் கழக ஏடு, கழக நடவடிக்கைக் குறிப்பு, உள்ளூர்ச் செய்தித்தாளில் வந்த மரண விசாரணைச் செய்தி எனச் சிறுசிறு தாள்கள் ஒன்று சேர்ந்தன. புகழ் பெற்ற அதிகாரி எழுதிய குறிப்பைச் சிற்றூர்த் தாள்கள் திருத்தின! பெரிய இடத்துச் சொல்லை விடப் பெயரறியாத ஒரு கணக்கரின் பதிவேடு நம்பகமாக அமைந்தது.

அறிவியல் மாணவன் பார்வையில்

ஆய்வகத்தில் ஊசலின் அலைவு நேரத்தை அளக்கும்போது ஓர் அளவை மட்டும் கொண்டு முடிவு எழுத எங்கள் பேராசிரியர்கள் விடுவதில்லை. பலமுறை அளக்க வேண்டும். பிழை எவ்வளவு எனச் சொல்ல வேண்டும். கணித்ததும் கண்டதும் முரண்பட்டால் கணித்ததை விட்டுவிட வேண்டும். இந்த அளவுகோலை ட்ரூயிட் மீது சாற்றிய குற்றத்துக்கும் வைத்துப் பார்க்கலாம். கொலைகள் நின்றன, ஒருவர் இறந்தார், ஆகவே இறந்தவரே கொலைகாரர் என்பதே அதன் முழு வாதம். அந்த மாதங்களில் இலண்டனில் இறந்தவர், நாடு கடந்தவர், சிறை சென்றவர் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் அனைவர்க்கும் இந்த வாதம் பொருந்துமே! அனைவர்க்கும் பொருந்துவது எவர்க்கும் சான்றாகாது.

அவர் குற்றமற்றவர் என்று மெய்ப்பித்துவிட்டதாக நான் கூறவில்லை. அதனை மெய்ப்பிக்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை என்பதே என் வாதம். குற்றம் சாற்றுபவனே சான்று தர வேண்டும் என்பது அவர் பயின்ற சட்டத்தின் முதற் பாடம். பிறர்க்காக வாதாடிய ஒருவருக்குத் தமக்காக வாதாட ஒரு நாளும் வாய்க்கவில்லை. பொற்கொல்லன் சொல்லை நம்பி, ஆராயாது கோவலனுக்குத் தண்டனை தந்த பாண்டியனை நாம் அறிவோம். அவனாவது உண்மை தெரிந்ததும் உயிர் நீத்தான். ட்ரூயிட் மீது பழி எழுதியவர்களில் எவரும் தம் எழுத்தைத் திரும்பப் பெறவில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் வீட்டுப் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனாலேயே எழுத்தின் மீது அவர்களுக்கு அளவற்ற மதிப்பு. தாளில் அச்சாகியிருக்கிறது என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேள்வி கேட்கமாட்டார்கள். முத்திரை குத்திய தாள் ஒன்றைக் கண்டால் அஞ்சுவார்கள். அவர்களுக்குப் படித்துச் சொல்லும் இடத்தில் இப்போது நான் இருக்கிறேன். ட்ரூயிட்டின் கதை எனக்குக் கற்பித்த பாடம் இதுதான்: எழுதியவர் அதிகாரி என்பதாலோ, அச்சில் வந்தது என்பதாலோ ஒன்று உண்மையாகிவிடாது. எவர் எழுதினார், எப்போது எழுதினார், எதைக் கண்டு எழுதினார் எனக் கேட்க வேண்டும். கேட்கத் தெரிந்தவனே படித்தவன்.

ஊர்ப் பேச்சுக்கும் இது பொருந்தும். ஒருவர் கிணற்றிலோ ஆற்றிலோ மாண்டால், அன்று மாலைக்குள் அவர் மீது நூறு கதைகள் முளைக்கின்றன. உயிரோடிருப்பவன் மீது பழி சொன்னால் அவன் எதிர்த்துப் பேசுவான். இறந்தவர் பேசமாட்டார். ஆகவே இறந்தவர் மீது பழி சுமத்துவது எளிது. எளிது என்பதாலேயே அது தவறு.

முடிவுரை

ஐந்து பெண்களைக் கொன்றவன் யாரென்னும் புதிரை உலகம் ஒரு பொழுதுபோக்காக்கிவிட்டது. கொலைகாரனுக்குச் சூட்டிய பட்டப் பெயர் எல்லார்க்கும் தெரியும். மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்டிரைட், கேதரின் எட்டோவ்ஸ், மேரி ஜேன் கெல்லி என்னும் பெயர்களை எத்தனை பேர் அறிவர்? அவர்களுக்கு உரிய நீதி, உண்மையான குற்றவாளியைக் கண்டுபிடிப்பதில் இருந்தது. கையில் அகப்பட்ட ஒரு பிணத்தின் மீது குற்றத்தை ஏற்றி வைப்பதால் அவர்களுக்கு நீதி கிடைத்துவிடாது. ஐந்து அநீதியுடன் ஆறாவது அநீதி ஒன்று சேரும், அவ்வளவே.

விம்போர்ன் இடுகாட்டில் மாண்டேகு ட்ரூயிட்டின் கல்லறை இன்றும் உள்ளது. அங்கே அடங்கியிருப்பது எந்த நீதிமன்றமும் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்காத ஒரு மனிதரின் உடல். பேச்சு மன்றத்தில் முழங்கிய மாணவர், சிறுவர்க்குப் பாடம் சொன்ன ஆசிரியர், பார்சிகளுக்குப் பந்து வீசிய ஆட்டக்காரர், தாயின் நோய் கண்டு அஞ்சிய மகன். சான்றுகள் காட்டும் ட்ரூயிட் இவரே. சான்று கிடைக்கும் வரை அவரை அவ்வாறே நினைவு கூர்வது படித்தவர்களாகிய நம் கடமையாகும்.